ஊர் போட்டால் அரசும் போடும்: நான்கு கூட்டுநிதித் திட்டங்கள், ஒரு பீலித் தண்ணீர்க் கணக்கு

ஊரில் பணம் திரட்டுவதை இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. கோயில் திருவிழாவுக்குச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பிடித்துக்கொடுக்கிறோம், மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோம், சீட்டுப் பிடிக்காத லயம் (தோட்டத்து வரிசை வீடு) கிடையாது. இங்கே இல்லாதது வேறொன்று. ஊர் தன் பங்கைப் போட்டவுடன் அதற்கு மேல் அரசும் இவ்வளவு போட்டே ஆகவேண்டும் என்று எழுத்தில் சொல்லும் நிலையான ஏற்பாடுதான் அது. தமிழ்நாட்டிலும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் இலண்டனிலும் அது ஒரு சேவையாகவே நடக்கிறது. நம் நாட்டிலும் குடிநீர்த் துறையில் அதன் ஒரு வடிவம் முப்பது வருடமாக இருக்கிறது, பலருக்குத் தெரியாமல்.

2020 இல் வந்த இடுகம கொவிட் நிதியம் போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை கொழும்பில் உள்ள ஒரே உண்டியல். காசு போடுகிறவர் இது இன்ன தோட்டத்து இன்ன பாலத்துக்கு என்று சொல்ல முடியாது. கூட்டுநிதி என்றால் கொடுக்கிறவர் வேலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலை நடக்காவிட்டால் காசு திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 60 குடும்பங்கள் உள்ள ஒரு டிவிசன், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவு. மேலே உள்ள ஊற்றிலிருந்து 1.2 கிலோமீற்றர் குழாய் போட்டுப் பீலித் தண்ணீர், அதாவது குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீர், கொண்டுவர வேண்டும். ஊற்றுக்காப்பு, தொட்டி, குழாய், வீட்டு மீட்டர் எல்லாம் சேர்த்து மதிப்பீடு 24 இலட்சம் ரூபா என்று வைப்போம். தொகை கணக்குக்காகச் சொன்னது, விகிதத்தைக் கவனியுங்கள்.

நமக்கு நாமே, தமிழ்நாடு

1997-98 இல் தொடங்கியது. ஆட்சி மாறியபோது தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021 இல் பழைய பெயருக்கே திரும்பியது. விதி எளிது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு போடும். மக்கள் பங்கு காசோலையாகவோ வரைவோலையாகவோ மாவட்ட நிர்வாகத்துக்குப் போகும். ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். வேலை முடிந்ததும் சொத்து ஊராட்சிக்கோ அந்தத் துறைக்கோ உரியது.

இதில் நன்றாக யோசித்துச் செய்த ஒரு விதி உண்டு. மக்கள் பங்கு பாதியையோ அதற்கு மேலோ தொட்டால், கொடுத்தவர்களே வேலையைச் செய்யலாம், அல்லது தாங்கள் நம்பும் ஒருவரைக்கொண்டு செய்விக்கலாம். கேள்விப்பத்திரத்துக்கும் கொந்தராத்துக்காரருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காசு போட்டவன் கண்முன்னே சீமெந்து மூடையை எண்ணினால் தரம் தானாக வரும்.

குறையும் அந்த விதியிலேயே இருக்கிறது. பாதியைத் தூக்கிக் கொடுக்கக்கூடியது தொழிற்சாலையோ, வசதியான குடியிருப்புச் சங்கமோ, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள ஊரோதான். ஒரே காசோலையில் பங்கு நிறைந்துவிட்டால் அது கூட்டுநிதி அல்ல, நன்கொடை. எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதைத் திட்டம் கேட்பதில்லை. நம் கணக்கில் மூன்றில் ஒன்று 8 இலட்சம், வீட்டுக்கு 13,333 ரூபா. தோட்டச் சம்பளத்தில் இதை ஒரே தடவையில் கேட்டால் முதல் கூட்டத்திலேயே பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள்.

இதே மாநிலம் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' இந்தக் குறையில் ஒரு பாதியைத் தீர்க்கிறது. இணையத்தளத்தில் அரசுப் பள்ளியைத் தேடி, அதன் தேவையைப் பார்த்து, அதற்கென்றே பணம் அனுப்பலாம். படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைத் திரையில் கண்டதும் கை தானாகப் பைக்குள் போகும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ படித்துவிட்டுக் கொழும்பிலும் டோஹாவிலும் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துவார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும். பீலிக்கும் பாதைக்கும் கிடையாது.

மிச்சிகன்: கிடைத்தால் முழுதாக, இல்லையேல் எதுவும் இல்லை

2014 இல் மிச்சிகன் பொருளாதார அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் தொடங்கிய திட்டம் இது. பணம் திரட்டுவது பேட்ரோனிசிட்டி என்ற தளத்தில். பூங்கா, சந்து, சந்தைக் கூரை மாதிரிப் பொதுவெளி வேலைகளுக்கு ஊர் திரட்டும் ஒவ்வொரு டொலருக்கும் மாநிலம் ஒரு டொலர் வைக்கிறது, அதிகபட்சம் 50,000 டொலர். குறித்த நாட்களுக்குள் ஊரின் இலக்கு எட்டாவிட்டால் மாநிலத்தின் பங்கு கிடையாது.

இந்தக் கெடுபிடிதான் இதன் பலம். கடைசி வாரத்தில் இன்னும் இருபதாயிரம் குறைகிறது என்று தெரியும்போது, இன்று நூறு கொடுத்தால் அது இருநூறாகும், நாளைக்குக் கொடுத்தால் ஒன்றுமில்லை என்ற கணக்கு எல்லாருக்கும் புரிகிறது. தெருவில் துண்டேந்துகிறவருக்கு இதைவிட நல்ல பேச்சு கிடைக்காது.

மலையகத்துக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் இரண்டு இடத்தில் உடையும். முதலாவது விகிதம். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஊர் பங்கு 12 இலட்சம், வீட்டுக்கு 20,000. இரண்டாவது, கணக்கில் வருவது திரட்டிய பணம். தளக் கட்டணமும் அட்டைக் கட்டணமும் அதிலிருந்து கழியும் என்பதால் இலக்கை வேலையின் செலவுக்குச் சமமாக வைத்தாலும் கடைசியில் குறையும். அட்டை இல்லாத வீடுகளில் வங்கிச் சிட்டைதான் வழி. சிட்டையை யார் பதிவேற்றுவது, எந்த வீட்டின் பெயரில் என்பது பிறகு சண்டையாகும்.

இலண்டன்: கூட்டத்தை எண்ணும் திட்டம்

இலண்டன் மேயர் அலுவலகமும் 2014 இலேயே தொடங்கியது, ஸ்பேஸ்ஹைவ் என்ற தளத்தின் வழியாக. இங்கே மேயர் ஒரு கொடையாளர் போலவே திட்டத்துக்குப் பங்கு அறிவிக்கிறார். பிந்திய சுற்றுகளில் ஒரு திட்டத்துக்கு 50,000 பவுண் வரை. முழுச் செலவையும் அவர் ஏற்பதில்லை. மீதியை ஊர் திரட்ட வேண்டும், அதிலும் நாலைந்து பெரிய கை அல்ல, பல சிறிய கைகள் தெரிய வேண்டும். ஐந்து பவுண் கொடுத்த முந்நூறு பேர், ஆயிரத்தைந்நூறு கொடுத்த ஒருவரைவிடப் பெரிய சாட்சி. இலக்கு எட்டும் வரை யாருடைய அட்டையிலும் பணம் பிடிக்கப்படுவதில்லை.

நான்கிலும் நாம் அதிகம் கற்க வேண்டியது இங்கேதான். காரணம் பணம் அல்ல, பணத்துக்கு முந்திய சரிபார்ப்பு. திரட்டல் தொடங்கும் முன்பே இடம் யாருடையது, அனுமதி உண்டா, செலவு மதிப்பீடு நம்பும்படியானதா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நேரத்தை இழுக்கும், ஆர்வத்தைத் தணிக்கும், முறைப்பாடும் வரும். இருந்தும் அதுவே சரி. 2015 இல் பெக்கம் பகுதி மக்கள் பழைய நிலக்கரி இரயில் பாதையோரத்தை நடைபாதைப் பூங்காவாக்கப் பணம் திரட்டினார்கள். கட்டுவதற்கு அல்ல, சாத்தியக்கூற்று ஆய்வுக்கு மட்டும். நிலச் சிக்கல் உள்ள வேலைக்கு இது நல்ல ஒழுங்கு: முதலில் அறிய, அதன் பிறகு கட்ட.

நம் சொந்தத் திட்டம்

1993 இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. மூலதனச் செலவில் ஏறக்குறைய 20 சதவீதம் ஊரின் பங்கு. பணமாகவும் தரலாம், உழைப்பாகவும் தரலாம். கட்டியபின் நடத்துவதும் திருத்துவதும் முழுக்க ஊரின் பொறுப்பு. அடுத்த கட்டம் 2003 இலிருந்து மத்திய மாகாணத்துக்கும் வந்தது. அதில் பிறந்த சமூக அடிப்படை நீர்ச் சங்கங்களைப் பார்க்க இன்று தனியாக ஒரு தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களமே இருக்கிறது.

இதை யாரும் கூட்டுநிதி என்று அழைப்பதில்லை. ஆனால் மேலே சொன்னவற்றைவிடத் தோட்டத்துக்கு நெருக்கமானது இதுதான். கணக்கைப் பாருங்கள். 24 இலட்சத்தில் 20 சதவீதம் 4,80,000. குழாய்க் கிடங்கு 1,200 மீற்றரை 60 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 20 மீற்றர். 60 சென்ரிமீற்றர் ஆழம், 45 அகலம் என்றால் மீற்றருக்குக் கால் கனமீற்றருக்குச் சற்று மேலே மண். கல் அதிகமில்லாத நிலத்தில் ஓர் ஆள் நாளுக்கு 5 மீற்றர் வெட்டுவார். ஆக வீட்டுக்கு 4 ஆள்நாள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையே அடிப்படையாக வைத்தாலும் 5,400 ரூபா. 60 வீட்டுக்கும் 3,24,000. பணமாக மீதி வேண்டியது 1,56,000, வீட்டுக்கு 2,600. மாதம் 650 வீதம் நாலு மாதச் சீட்டு. 20,000 கேட்ட மிச்சிகன் எங்கே, இது எங்கே.

ஆகவே மலையகத்தில் ஒரு கூட்டுநிதித் திட்டத்தை எடைபோட முதல் கேள்வி: சிரமதானத்தை ரூபாவாகக் கணக்கில் எடுக்கிறதா? எடுக்காவிட்டால் அது வசதியுள்ள ஊருக்கான திட்டம், எவ்வளவு அழகான இணையத்தளம் இருந்தாலும்.

உழைப்பைக் கணக்கில் எடுப்பதிலும் தகராறு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வரவுப் பதிவு இல்லாத சிரமதானம் பங்கல்ல. தேதி, பெயர், வெட்டிய மீற்றர், கையெழுத்து என நாலு நிரல் உள்ள ஒரு கொப்பி போதும், ஆனால் அதை அன்றன்றைக்கே எழுத வேண்டும். நாளைக் கணக்கிடாமல் மீற்றரைக் கணக்கிடுங்கள். அப்போதுதான் ஆள் இல்லாத வீடும், விதவைத் தாய் மட்டும் உள்ள வீடும் தங்கள் 20 மீற்றரை இன்னொருவருக்குக் கூலி கொடுத்து முடிக்கலாம். கல் விழுந்த துண்டில் ஒரு மீற்றரை ஒன்றரை மீற்றராக எண்ணுவது என்று தொடங்கும் முன்பே எழுதிவைக்காவிட்டால் பாதியில் நின்றுபோகும்.

நிலம், அதாவது உண்மையான தடை

தோட்டத்தில் பணத்துக்கு முன்னால் நிற்பது நிலம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டக் குடியிருப்புகளுக்குள் போவதற்கு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் அம்பகமுவையும் நுவரெலியாவும் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் புதிதாக வந்தன. சட்டத் தடை நீங்கியது. ஆனால் ஊற்று இருக்கும் மேட்டு நிலம் இன்னும் அரசிடமிருந்து கம்பனி எடுத்த நீண்டகாலக் குத்தகையில்தான் இருக்கிறது. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு எழுதலாம், கிராம உத்தியோகத்தர் சிபாரிசு செய்யலாம். துரையின் (தோட்ட முகாமையாளரின்) வாய்ச்சொல்லை நம்பித் தொட்டி கட்டிய பிறகு துரை மாற்றலாகிப் போனால் அடுத்தவர் 'எந்தக் கடிதத்தில்?' என்று கேட்பார்.

எனவே ஒரு சதம் கூடத் திரட்டும் முன்பு வேண்டியவை: ஊற்று, தொட்டி, குழாய்ப் பாதை மூன்றையும் காட்டும் வரைபடத்துடன் கம்பனியின் எழுத்துச் சம்மதம், தோட்ட முகாமையாளரின் கையெழுத்து மட்டுமல்லாமல் தலைமை அலுவலகத்தினதும், பிரதேச செயலகத்தில் பதிவான சங்கம், அதன் பெயரில் இந்த வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு, தலைவர் செயலாளர் பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்தில். தொட்டி சரிவான இடத்தில் வருமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15,000 லீற்றர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 15 தொன். அது எந்த மண்மேல் உட்காரப்போகிறது என்பது மழை வரும்வரை யாருக்கும் தோன்றாது.

தொழிற்சங்கத் தலைவரையோ அரசியல்வாதியையோ கையெழுத்துக்காரராக வைக்கும் பழக்கம் உண்டு. வேண்டாம். திறப்பு விழாவுக்குக் கூப்பிடுங்கள், மாலை போடுங்கள், காசோலைப் புத்தகத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

மதிப்பீட்டில் தவறும் இடங்கள்

அரசுப் பங்கு கிடைத்தும் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் மதிப்பீட்டுத் தாளில். முதலில் ஊற்றின் அளவு. 20 லீற்றர் வாளி 40 செக்கனில் நிறைந்தால் செக்கனுக்கு அரை லீற்றர், நாளுக்கு 43,200. அறுபது வீட்டில் வீட்டுக்கு ஐவர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் தேவை 30,000, போதும். ஆனால் வாளி நிறைய 80 செக்கன் எடுத்தால் 21,600 தான், தட்டுப்பாடு. இந்த அளவை மழைக்காலத்தில் எடுத்தவர்கள்தான் பிறகு வெற்றுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அளக்க வேண்டும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வறட்சி வேறு வேறு மாதத்தில் என்பது தளத்தின் படிவத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது அழுத்தம். டைப் 600 பிவிசி குழாய் 60 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் தாங்கும். ஊற்றிலிருந்து லயம் வரை 150 மீற்றர் இறக்கம் என்றால் இடையில் இரண்டு அழுத்தமுறிப்புத் தொட்டி கட்டாயம். செலவைக் குறைக்கிறோம் என்று இதை வெட்டுவார்கள். பகலில் எல்லாரும் குழாயைத் திறந்திருக்கும்போது ஒன்றும் ஆகாது; இரவில் எல்லாரும் மூடியதும் கீழ்முனையில் மூட்டு பிய்த்துக்கொள்ளும். மேட்டில் காற்று வெளியேற ஒரு வால்வு, பள்ளத்தில் மண்ணைக் கழுவிவிட ஒரு வால்வு, இவையும் வெட்டப்படும் வரிசையில் அடுத்தவை. 60 சென்ரிமீற்றர் ஆழமும் சும்மா சொன்னதல்ல. அதற்கு மேலே போட்ட குழாயைக் காட்டுப்பன்றி கிளறும், முள்ளுக்குத்தும்போது, அதாவது தேயிலை நிலத்தைக் கிளறும்போது, தொழிலாளியின் முள்ளுக் கருவி ஏறும்.

ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் களைக்கொல்லி அடிக்காத ஒரு எல்லையைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். மேலே மலசலகூடக் குழி இருந்தால் அந்த ஊற்றை மறந்துவிடுவது நல்லது.

விலையும் ஒரு சிக்கல். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, முந்திய ஆண்டு எழுதிய குழாய் விலை எதுவும் நிற்கவில்லை. நமக்கு நாமே போலப் பங்கை முன்கூட்டியே வாங்கி அனுமதிக்குக் காத்திருக்கும் திட்டங்களில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஊரின் காசு கிடக்கும், விலை ஓடும். மதிப்பீட்டில் 10 சதவீதம் எதிர்பாராச் செலவு என்று ஒரு வரி வையுங்கள். கிடைத்த முதல் பணத்தில் குழாயை வாங்கி அடுக்கிவிடுங்கள், வெயில் படாமல் மூடி. சீமெந்தைக் கடைசியில் வாங்குங்கள், மலை ஈரத்தில் இரண்டு மாதத்தில் கட்டி பிடிக்கும்.

கட்டிய பிறகு

நான்கு திட்டங்களில் பராமரிப்பை நேராக ஊரின் தலையில் வைப்பது நம் நீர்த் திட்டம் மட்டும்தான். மற்றவை கட்டி முடித்ததும் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இலண்டனிலும் மிச்சிகனிலும் நகரசபை வந்து புல் வெட்டும் என்ற நம்பிக்கை இருக்கலாம். தோட்டத்தில் அது வராது.

அதனால் திரட்டல் அறிவிப்பிலேயே மாதக் கட்டணத்தையும் போட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு 300 ரூபா என்றால் மாதம் 18,000. குழாய் பார்ப்பவருக்கு 8,000 கொடுங்கள். சும்மா செய்யச் சொன்னால் மூன்றாம் மாதத்தில் சாவி ஊற்றடியில் கிடக்கும். குளோரின் தூள் 30 சதவீதத் தரம் என்றால் நாளுக்கு 30,000 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. மீதியில் பாதியைத் தொடாமல் திருத்தக் கணக்கில் போடுங்கள், வால்வு உடைந்த அன்றைக்கு மறுபடியும் துண்டேந்த வேண்டியிருக்காது. மீட்டர் வைக்காத இடத்தில் 300 என்பது 150 ஆகக் குறையும், பிறகு நிற்கும். மேல்வரிசை லயம் மரக்கறித் தோட்டத்துக்கு இரவு முழுக்கத் தண்ணீர் விட்டால் கீழ்வரிசையார் தாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும் என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்வியும்கூட. மீட்டரை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று யாராவது சொன்னால், இரண்டாம் கட்டத்துக்கு அரசுப் பங்கு எந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.